வேகம் மட்டும் போதுமா?



ரவுட்டர் வாங்கணும்னா நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜிகாபிட்?" என்பதுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது ஆபத்து என்பது என் கருத்து.

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸை நினைத்துப் பாருங்கள். வாசலில் நூறு லாரி நிற்கலாம். எந்த ஊருக்கு எந்த ரோடு என்று எழுதும் நோட்டில் பக்கம் தீர்ந்துபோனால்? புது ஊர்ச் சரக்கு ஒவ்வொன்றுக்கும் மேனேஜரே வழி விசாரித்து அனுப்பணும். வேலை நடக்குமா?

ரவுட்டரிலும் அப்படி ஒரு நோட்டு உண்டு. பெரிய ரவுட்டர்கள் பலவற்றில் அது 'டி-கேம்' என்னும் நினைவகம். 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக இன்டர்நெட்டின் பாதைப் பட்டியல் பல இடங்களில் 5,12,000-ஐத் தாண்டியது. சிஸ்கோ 6500, 7600 வரிசையின் பழைய ரவுட்டர்கள் பலவற்றில் ஐ.பி.வி.4-க்கு ஒதுக்கியிருந்த இடமே ஏறக்குறைய அவ்வளவுதான். லைன் நன்றாக இருந்தும், நிரம்பி வழிந்த பாதைகளின் சுமை பிராசஸர் தலையில் விழுந்து, பல இணையதளங்கள் திணறின. இத்தனைக்கும் சிஸ்கோ அந்த மே மாதமே எச்சரித்திருந்தது! இடத்தை மாற்றி ஒதுக்கி, ரீபூட் செய்வதுதான் மருந்து.

இன்று ஐ.பி.வி.4 பாதைகள் மட்டுமே 9 லட்சத்துக்கு மேல். ஐ.பி.வி.6 பாதைகள் 2 லட்சத்துக்கு மேல். சென்னை அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ வாடகை ரேக்கில் ரவுட்டரை வைத்துவிட்டு, புதுச்சத்திரத்தில் உட்கார்ந்திருப்பவன் அது நிரம்பிய பிறகு விழித்தால் என்ன பயன்? ராத்திரி பஸ் பிடித்துப் போனாலும், நின்ற சர்வீஸுக்கு வாடிக்கையாளர் காத்திருப்பாரா?

அதற்காகப் பெரிய ரவுட்டரே வாங்கணும்னு சொல்லவில்லை. ஒரே நிறுவனத்தின் லைன் என்றால், "மற்றதெல்லாம் இந்தப் பக்கம்" என்னும் ஒரு டிஃபால்ட் ரூட் போதும். அங்கே லட்சக்கணக்கில் கொட்டுவது வீண் செலவு. இரண்டு நிறுவனங்களிடம் முழுப் பட்டியல் வாங்கினால்தான் பெரிய நோட்டு வேண்டும். அப்போது இன்றைய கணக்குக்கு மட்டும் வாங்காமல், ஐந்து வருட வளர்ச்சிக்கும் இடம் விட்டு வாங்கணும்.

லேபில் கமாண்ட் அடிக்கக் கற்கிறோம். டேட்டா ஷீட் படிக்கக் கற்பதில்லை. நாளை ஒரு முதலாளியின் பணத்துக்கு நாம்தான் கையெழுத்துப் போடப் போகிறோம். ஆகவே, "எவ்வளவு வேகம்?" என்று கேட்ட வாயால் "எத்தனை பாதை?" என்றும் கேட்போம், தோழர்களே!