தண்ணீர் தெளிவாக இருந்தால் மட்டும் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

நம் ஊரில் வீடும் விடுதியும் கூடக் கூட கழிவுநீரும் கூடுகிறது. குழி நிறைந்தால் பவுசரைக் கூப்பிடுகிறோம். அது போனதும் மறந்துவிடுகிறோம். என்றைக்காவது மன்னாருக்கும் ஒழுங்கான சுத்திகரிப்பு நிலையம் வரத்தான் வேண்டும். வரும்போது "வெளியே விடுகிற தண்ணீர் தெளிவா?" என்று மட்டும் கேட்டால் காணாது. "பொசுபரசை எடுத்தீர்களா?" என்றும் கேட்க வேண்டும்.

மலசலத்திலும் சாப்பாட்டுக் கழிவிலும் சில சலவைத் தூள்களிலும் பொசுபரசு இருக்கிறது. சாதாரண சுத்திகரிப்பில் நாற்றமும் கலங்கலும் போகும், பொசுபரசில் பெரும்பங்கு கரைந்தபடியே வெளியேறும். ஆழமில்லாத, தேங்கிய நீரில் அது சேர்ந்தால் அல்காக்களுக்கு விருந்து. அவை பெருகி, செத்து, அழுகும்போது ஒட்சிசன் குறைந்து மீன் சாகும். நற்போசணையாக்கம் என்று நம் பிள்ளைகள் பாடமாக்குவது இதைத்தான். கொழும்பில் பேரை வாவி பச்சையாகக் கிடப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. நமக்கு இருப்பது வங்காலை. பூநாரை வந்து இறங்கும் அந்த ஈரநிலம் 2010 இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான் என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பொசுபரசை எடுக்க இரண்டு வழி. ஒன்று, அலுமினியம் அல்லது இரும்பு உப்பைப் போட்டுப் படிய வைப்பது. சுலபம்தான், ஆனால் ஒவ்வொரு நாளும் இரசாயனம் வாங்க வேண்டும். 2022 இல் டொலர் இல்லாமல் பட்ட பாடு நினைவிருக்கும்.

மற்றது பக்டீரியா. முதலில் ஒட்சிசன் இல்லாத தொட்டி. அங்கே சில பக்டீரியாக்கள் தம்மிடம் சேர்த்து வைத்த பொசுபேற்றைச் செலவழித்து உணவை உள்ளே எடுக்கும். அடுத்த தொட்டியில் காற்று ஊதுவார்கள். அப்போது விட்டதை விடக் கூடுதலான பொசுபேற்றை உறிஞ்சிக்கொள்ளும். கஷ்டத்தில் நகையை விற்றுச் சாப்பிட்டு, கையில் காசு வந்ததும் விற்றதை விடக் கூட வாங்கும் குடும்பம் மாதிரி. பிறகு சேற்றின் ஒரு பகுதியை அகற்றினால் பொசுபரசும் அதோடு போய்விடும்.

இது ஏதோ வெள்ளைக்காரன் வித்தை என்று நினைக்க வேண்டாம். காற்றூதிய கழிவுநீர்ச் சேறு பொசுபரசை வேகமாக உறிஞ்சுவதை 1959 இலேயே எழுதியவர்கள் பெங்களூரில் வேலை செய்த ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை என்ற மூவர். 1970களில் தென்னாபிரிக்காவில் ஜேம்ஸ் பர்னாட் அதை நிலையங்களுக்கு ஏற்ற முறையாக வளர்த்தார்.

சிக்கலும் உண்டு. காற்று நின்றால் அந்தச் சேறு உறிஞ்சியதைத் திரும்ப விட்டுவிடும். 2022 மார்ச்சில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாடு இது. ஆகவே ஜெனரேட்டரும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாமல் தொட்டி மட்டும் கட்டித் தருவதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்று. 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்கள் என்ன பாடுபட்டார்கள்! அந்த உரத்தில் இருக்கும் பொசுபரசைத்தான் நாம் கழிவோடு வீசுகிறோம். கிருமியும் புழு முட்டையும் சாகும் அளவுக்குச் சூட்டில் மக்க வைத்து, பரிசோதித்த பிறகு, அந்தச் சேறு வயலுக்குப் போகலாம். அருவருப்புப் படுகிறவர்கள் மாட்டெருவை நினைத்துப் பாருங்கள்.

நகர சபை, பிரதேச சபை உறுப்பினர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். திட்டம் ஒன்று மேசைக்கு வந்தால் வெளியேறும் நீரில் பொசுபரசு எவ்வளவு, சேறு எங்கே போகும் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் இங்கேயே போடுங்கள்.