துணியின் பெயரில் இருக்கிறது சூட்சுமம்

கடற்கரை இல்லாத பெங்களூருக்கு ஒயிட்பீல்டு கன்டெய்னர் டெப்போ ஒரு துறைமுகம் மாதிரி. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகள் ரயிலேறி அங்கே வருகின்றன. சீனாவிலிருந்து வரும் துணிச் சுருள்களும் அவற்றில் உண்டு. அந்தத் துணிக்கு என்ன எண் போடுவது என்பதில்தான் இன்று பெரிய போராட்டம் நடக்கிறது.

எண் என்றால் என்ன? இறக்குமதியாகும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத் தீர்வை அட்டவணையில் எட்டு இலக்க எண் உண்டு. அதில் முதல் ஆறு இலக்கங்கள் உலகத்துக்கே பொது. ஜவுளிக்கு 50 முதல் 63 வரை பதினான்கு அத்தியாயங்கள். பின்னல் துணி 60, பின்னல் ஆடை 61, தறித் துணியில் தைத்த ஆடை 62. ரயில்வே சரக்குக் கட்டணமும் இதே முறையில் ஓடுவதுதான். சரக்கின் பெயர் மாறினால் வகுப்பு மாறும். வகுப்பு மாறினால் கட்டணம் மாறும்.

நடந்தது என்ன?

சீனப் பின்னல் துணி அடிமாட்டு விலைக்கு வந்து குவிகிறது, பில்லில் விலையைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று உள்நாட்டு உற்பத்தியாளர்கள் நெடுநாளாக முறையிட்டு வந்தார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு ஐந்து வகை செயற்கை இழைப் பின்னல் துணிகளுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்தது. கிலோ மூன்றரை டாலர். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 290 ரூபாய். ஐந்து எண்களை அடைத்தால் ஆறாவது எண் திறந்துதானே இருக்கும்? அதே ஆண்டிலேயே மேலும் பல எண்களைச் சேர்க்க வேண்டி வந்தது.

அடுத்து 2025 பிப்ரவரி 1-ந் தேதி பட்ஜெட்டில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன், ஒன்பது வகைப் பின்னல் துணிகளுக்கான அடிப்படைச் சுங்கவரியை மாற்றினார். முன்பு நூற்றுக்கு 10 அல்லது 20. புதிய விகிதம் நூற்றுக்கு 20, அல்லது கிலோவுக்கு 115 ரூபாய். இரண்டில் எது அதிகமோ அது.

இதன் பலனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிலோ 300 ரூபாய் பெறும் துணியை ஒருவர் 150 என்று எழுதுகிறார். 20 சத விகிதப்படி 60 ரூபாய் கட்ட வேண்டியவர் 30 கட்டித் தப்பிவிடுவார். புதிய முறையில் 300 என்றாலும் 150 என்றாலும் வரி 115தான். கிலோ விலை 575 ரூபாயைத் தாண்டினால்தான் சதவீதக் கணக்கு மேலே போகும். ஆகவே மலிவுத் துணியில் விலையைக் குறைத்து எழுதி இந்த வரியில் லாபம் பார்க்க முடியாது. இது நல்ல ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை.

பொய் இடம் மாறும்

ஆனால் விலையில் பொய் சொல்லிப் பயனில்லை என்றால், பெயரில் பொய் சொல்லத் தோன்றும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியில் எது எடையில் அதிகமோ அதன் பெயரில்தான் துணி வகைப்படும். நூற்றுக்கு 48 பருத்தி இருப்பதை 52 என்று எழுதிவிட்டால் எண்ணே மாறிவிடும். துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் அது 59-ஆம் அத்தியாயத்துக்குப் போகலாம். அந்தப் பூச்சு வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. தெரிகிறதா, தெரியவில்லையா என்பதே ஒரு வழக்காகிவிடும்.

2011 முதல் வரியை இறக்குமதியாளரே கணக்கிட்டு அறிவிக்கும் முறை இருக்கிறது. அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். தவறு நிரூபணமானால் வரியோடு வட்டியும் அபராதமும் உண்டு.

நமக்கு என்ன?

வரி கட்டுகிறவர் முதலாளி. நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பின்னல் மிஷின் ஓட்டுகிறவர், சாயப்பட்டறைத் தொழிலாளி ஆகியோரின் கூலியை மலிவு இறக்குமதி தின்கிறது. திருப்பூரில் நம் உறவினர் இல்லாத குடும்பம் எத்தனை? மறுபக்கம், பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் தையல் மிஷின் முன் உட்கார்ந்திருக்கும் நம் பெண்களுக்கு, வெட்டும் மேஜைக்குத் துணி வந்தால்தான் வேலை. ஆய்வுக்கூட முடிவுக்காகப் பெட்டி காத்துக் கிடந்தால் தையல் வரிசையும் காத்துக் கிடக்கும்.

ஏற்றுமதி செய்யும் பெரிய கம்பெனிகள் முன் அனுமதி பெற்று, வரியில்லாமல் துணியைத் தருவித்துக்கொள்ளலாம். சிக்பேட்டையில் பத்துச் சுருள் வாங்கி நைட்டி தைத்து விற்கும் சிறு பட்டறைக்கு அந்த வழி இல்லை. நேர்மையாகவே 150 ரூபாய் பெறும் துணிக்கும் 115 ரூபாய் வரி என்றால், அந்தச் சுமை கடைசியில் அவர்கள் தலையிலும் வாங்குகிறவர் தலையிலும்தான் விழும்.

ஆகவே வரி விகிதத்தை ஏற்றியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பக்கத்து எண்களில் இறக்குமதி திடீரென்று ஏறுகிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். மாதிரிச் சோதனை முடிவு சில நாட்களுக்குள் கிடைக்க வேண்டும். சிறு பட்டறைகளுக்கு உள்நாட்டுத் துணி நியாய விலையில் கிடைக்க ஏற்பாடு வேண்டும். இவற்றைச் செய்யாமல் எண்களை மட்டும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போனால், பொய் எழுதுகிறவன் அடுத்த எண்ணைத் தேடிக்கொள்வான். ஒழுங்காக எழுதுகிறவன்தான் மாட்டிக்கொள்வான்.