ஒரு சாளரம், பல அறைகள்

ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் 1986-இல் 'ரூம்ஸ்' என்ற சாளர மேலாண்மை அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரையை, விண்டோ மேனேஜர் எழுதுபவர்கள் மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும். திரை சிறியது, சாளரங்கள் இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. இதை அவர்கள் நினைவக மேலாண்மைச் சிக்கலாகவே அணுகினார்கள். பீட்டர் டென்னிங் 1968-இல் முன்வைத்த 'வொர்க்கிங் செட்' கருத்து அப்படியே பொருந்தியது. ஒரு வேலைக்கு அந்த நேரத்தில் தேவை சில சாளரங்கள்தான். மறைந்து கிடக்கும் சாளரத்தைத் தேடிப் போவது, நினைவகத்தில் இல்லாத பக்கத்தைத் தேடி எடுக்கும் பேஜ் ஃபால்ட் போன்ற இழப்பு. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் அதன் சாளரங்கள் மட்டும் கொண்ட ஓர் அறை.

இந்த அறைகளைப் போன்ற பணித்தளங்கள் 2007-இல் மேக்கின் லெப்பர்டிலும் 2015-இல் விண்டோஸ் 10-இலும் வந்துவிட்டன. ஆனால் ரூம்ஸின் சிறந்த யோசனை வழியிலேயே விடுபட்டுப்போனது. அங்கே ஒரே சாளரம் பல அறைகளில் இருக்கலாம். அறைக்கு அறை இடமும் அளவும் மாறலாம்.

லாக் ஓடும் டெர்மினலையே பாருங்கள். நிரல் எழுதும்போது அது அடியில் நான்கு வரி தெரிந்தால் போதும். பிழை தேடும்போது பாதித் திரை வேண்டும். இன்றைய வழக்கமான பணித்தளங்களில் அதற்கு வழி இல்லை. லினக்ஸ் கணினிகளின் பழைய சாளர அமைப்பான எக்ஸ்11-இல் சாளரத்தின் தளத்தைக் குறிக்கும் பண்பு ஒற்றை எண். 32 பிட்டும் 1 என்றால் 'எல்லாத் தளங்களும்'. இரண்டிலும் நான்கிலும் மட்டும் இருக்கட்டும் என்று அதில் எழுதவே முடியாது. டிடபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜர் இந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது: அதில் ஒரு சாளரத்துக்குப் பல டேக் தரலாம். ஆனால் மிதக்கும் சாளரத்தின் இடமும் அளவும் எங்கும் ஒன்றே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடைசியாகப் பயன்படுத்திய வரிசையில் தளங்களைத் தானாக மாற்றி அடுக்குவது மேக்கில் இயல்பமைப்பு. மின்னஞ்சல் வலப்பக்கம் என்று கை பழகிய பிறகு அதை இடம் மாற்றுவது பயனருக்குச் செய்யும் கெடுதல். இந்தத் தானியங்கி அடுக்கலை அணைத்தே தர வேண்டும்.

பல தளங்களில் ஒரே சாளரம் என்ற யோசனைக்குத் திரும்பினால், எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலண்டில் சாளரத்தை எங்கே வைப்பது என்ற முடிவு முழுக்க, திரையை அமைக்கும் கம்போசிட்டர் கையில். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, தளத்துக்கொரு இடமும் அளவும் கொண்ட பட்டியலைக் கம்போசிட்டர் வைத்துக்கொண்டால் போதும்; செயலிகளில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை.