உறுப்பினரைத் தக்க வைப்பது பாடமா, கமிஷனா?

இன்டர்நெட் இணைப்பு வாங்கிய சில வாரங்களில் உங்களுக்கும் இப்படி ஒரு அழைப்பு வரலாம். "மாதம் 300 ரூபாய் கட்டி எங்கள் தளத்தில் உறுப்பினராகுங்கள். மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு இலவசம்!" ஆங்கிலப் பேச்சு, பங்குச் சந்தை, புரோகிராமிங் என எதை எடுத்தாலும் கட்டணத் தளங்கள் உள்ளன. அவற்றில் பல, அஃபிலியேட் புரோகிராம் எனப்படும் கமிஷன் திட்டத்தையும் நடத்துகின்றன. பணம் கட்டும் முன் இது எப்படி இயங்குகிறது என்று தெரிந்து கொள்வது நல்லது.

இந்தத் திட்டம் புதிதல்ல. அமேசான் நிறுவனம் 1996ஆம் ஆண்டிலேயே இதைத் தொடங்கியது. சேருபவருக்கு ஒரு தனி லிங்க் தரப்படும். அதில் அவருக்கான குறியீடு இருக்கும். அந்த லிங்க்கில் யாராவது கிளிக் செய்தால், அவருடைய பிரவுசரில் குக்கி என்ற சிறிய கோப்பு பதிவாகும். குறிப்பிட்ட காலத்திற்குள் அவர் பொருளை வாங்கினால், யார் அனுப்பி வந்தார் என்பதைக் குக்கி காட்டிக் கொடுக்கும். லிங்க்கிற்கு உரியவர் கணக்கில் கமிஷன் ஏறும். இதில் சேர அமேசான் கட்டணம் வாங்குவதில்லை. இதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை.

மாதச் சந்தா தளங்களில்தான் கதை மாறுகிறது. இந்தத் தளங்களின் பெரிய தலைவலி, உறுப்பினர்கள் இரண்டு மூன்று மாதங்களில் விலகிப் போவது. அதைத் தடுக்கப் பல தளங்கள் ஒரு நிபந்தனை வைக்கின்றன. நீங்கள் உறுப்பினராகத் தொடரும் வரைதான் கமிஷன் கிடைக்கும். சந்தாவை நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரோகிராமிங் பாடத் தளத்தில் மாதம் 300 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஆளுக்கு மாதம் 100 ரூபாய் கமிஷன். அந்த வாரத்திலேயே அலுவலக நண்பர் ஒருவரையும், அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்த என் சித்தி மகனையும் சேர்த்துவிட்டேன். இரண்டாவது மாதத்திற்குப் பிறகு நான் ஒரு பாடம் கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் விலகவில்லை. "விலகினால் மாதம் 200 ரூபாய் போய்விடுமே" என்பதே காரணம். உண்மையில் விலகியிருந்தால் மாதம் 100 ரூபாய் மிச்சமாகியிருக்கும். கூட்டல் கழித்தல் தெரிந்த இன்ஜினியருக்கே இது உறைக்க ஏழு மாதம் ஆனது. கட்டியது 2,100 ரூபாய். கைக்கு வந்தது 1,200. குறைந்தது 500 ரூபாய் சேர்ந்தால்தான் தருவார்கள் என்பதால் மீதி 200 ரூபாய் அங்கேயே நின்றுவிட்டது.

அது பெரிய இழப்பல்ல. தம்பியும் முதல் மாதத்தோடு பாடங்களை விட்டிருந்தான். ஏன் இன்னும் பணம் கட்டுகிறாய் என்று கேட்டேன். "நான் நிறுத்திட்டா உங்களுக்கு நஷ்டம் ஆகுமேண்ணா" என்றான். அவன் கட்டிய 2,100 ரூபாயில் 700 ரூபாய் என் கணக்கில் ஏறியிருந்தது. அதை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். எனக்காக அவன் பணம் கட்டிக் கொண்டிருந்தது இன்றும் உறுத்துகிறது.

"மூன்று பேரைச் சேர்த்தால் இலவசம்" என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு உறுப்பினரைச் சேர்த்தவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். எனவே 300 பேர் உள்ள தளத்தில் 100 பேருக்குக் கூட மூன்று பேர் கிடைக்க மாட்டார்கள். குறைந்தது 200 பேர் பணம் கட்டியே ஆக வேண்டும். எவ்வளவு ஓடியாடி ஆள் பிடித்தாலும் இந்த விகிதம் மாறாது.

இது எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பர்ன்லவுஞ்ச் ஓர் உதாரணம். இணையத்தில் பாட்டு விற்ற நிறுவனம் அது. பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் பாட்டும் விற்கலாம், ஆளும் சேர்க்கலாம். பாட்டு விற்பதை விட ஆள் சேர்ப்பதற்கே அதிக வெகுமதி கிடைத்தது. 2007ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. இது பிரமிட் திட்டமே என்ற தீர்ப்பை 2014ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. இந்தியாவிலும் நேரடி விற்பனைக்கான 2021ஆம் ஆண்டு விதிகள் பிரமிட் திட்டங்களைத் தடை செய்கின்றன. ஒரே அடுக்கில், உண்மையான விற்பனைக்கு மட்டும் கமிஷன் தரும் தளங்களை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

கமிஷன் தருவதே தவறு என்று நான் சொல்லவில்லை. விளம்பரத்திற்குச் செலவிடும் பணத்தை உறுப்பினருக்கே தருவது நியாயமான வழிதான். ஆனால் அந்தக் கமிஷன் புதியவரை அழைத்து வருவதற்கு மட்டும் இருக்கட்டும். வந்தவரைத் தங்க வைக்க வேண்டியது பாடத்தின் தரம். விலகிய பின்னும் சேர வேண்டிய கமிஷனைத் தரும் தளம், தன் சரக்கின் மீது நம்பிக்கை உள்ள தளம்.

பணம் கட்டும் முன் மூன்றைப் பார்த்துக் கொள்ளுங்கள். சந்தாவை நிறுத்தும் பட்டன் எங்கே இருக்கிறது? குறைந்தது எவ்வளவு சேர்ந்தால் கமிஷன் தருவார்கள்? விலகினால் அந்தப் பணம் என்ன ஆகும்? கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்.எம்.எஸ். வந்தால் படிக்காமல் அழித்துவிடாதீர்கள். கமிஷன் ஒரு பைசா கூட வராவிட்டாலும் இந்த மாதச் சந்தாவைக் கட்டுவேனா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். "இல்லை" என்று பதில் வந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். நீங்கள் சேர்த்துவிட்டவருக்கும் ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள்.