மேல்வாயில் ஒரு சிவப்பு விளக்கு

கீழ்வரிசை முன்பல் ஒன்றில் ஈறு இறங்கி வேர் தெரிய ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. ஐஸ் தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை விண்ணென்று ஏறும். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பல்லை விளக்குகிறீர்களா, அண்டாவை விளக்குகிறீர்களா?" என்று கேட்டார். பிறகு, மேல்வாயிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து ஈற்றில் வைத்துத் தைத்துவிடலாம் என்றார். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவது போலத்தான். சரியென்று தலையாட்டினேன்.

ஒட்டு வைத்த இடம் அவ்வளவாக வலிக்கவில்லை. எடுத்த இடம்தான் உயிரை வாங்கியது. அகலம் சின்ன தபால்தலை அளவு, ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் மேல்வாய்ச் சதை எலும்போடு இறுக்கமாக ஒட்டியிருப்பது. இழுத்துத் தைத்து மூட வழியில்லை. ஓரங்களிலிருந்து தோல் மெல்ல வளர்ந்து தானே மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரம். அதுவரை எச்சில் விழுங்கும்போதெல்லாம் நாக்கு போய் அங்கே முட்டும். ஆறிய தயிர்சாதத்தைக் குழைத்து ஒரு பக்கமாக ஒதுக்கி விழுங்கினேன். ரசம் வாசனையோடு சரி.

மூன்றாம் நாள் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி. பேனா மாதிரி ஒன்றைப் புண்ணருகே பிடித்தார். சிவப்பு வெளிச்சம், சூடில்லை, சத்தமில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "அவ்வளவுதானா?" என்றேன். வாயில் பஞ்சு இருந்ததால் அவருக்குப் புரியவில்லை.

புண் சீக்கிரம் ஆறட்டும் என்று லேசர் ஒளி காட்டும் இந்த வைத்தியம் பிறந்ததே ஒரு தோல்வியில். 1967 வாக்கில் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், ரூபி லேசரால் கட்டியைக் கரைக்க முடியுமா என்று எலிகளிடம் சோதித்தார். அமெரிக்காவில் அப்படிக் கரைத்திருந்தார்கள். மெஸ்டரின் லேசருக்கு அவ்வளவு சக்தி இல்லை, கட்டி அசையவில்லை. ஆனால் மழித்த முதுகில், ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்தது. இன்னொருவராக இருந்தால் மெஷினைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இவர் முடியைப் பார்த்தார். பிறகு ஆறாத கால் புண்களுக்கு அதே மெல்லிய ஒளியைக் காட்டினார்.

செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு நொதி, சிவப்பு ஒளியையும் அதற்கு அடுத்த அகச்சிவப்பையும் வாங்கிக்கொண்டு வேலையை முடுக்கிவிடுகிறது என்பது இன்று பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். அளவு முக்கியம். குறைந்தால் பலனில்லை, கூடினால் ஆறுவதே மந்தப்படும். உப்பு மாதிரி.

மேல்வாய்ப் புண்ணில் இதைச் சோதித்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. முதல் இரண்டு வாரத்தில் சீக்கிரம் தோல் மூடியது என்கின்றன சில. வலியில் பெரிய வித்தியாசமில்லை என்கின்றன வேறு சில. ஆளுக்கொரு அலைநீளம், ஆளுக்கொரு அளவு வைத்துச் செய்தால் கணக்கு எப்படி ஒத்துப்போகும்? புற்றுநோய்ப் பிரிவில் கதை வேறு. தலை, கழுத்தில் கதிர்வீச்சு வாங்குகிறவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்காது. அதை முன்கூட்டியே தடுக்க இந்த ஒளியைச் சர்வதேச வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. என் தபால்தலைப் புண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

எனக்கு நாலு முறை காட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் நாக்கால் தடவினேன், பள்ளம் மேவியிருந்தது. விளக்கின் வேலையா, உடம்பின் வேலையா? ஒப்பிட்டுப் பார்க்க, ஒளி காட்டாத இன்னொரு மேல்வாய் என்னிடம் இல்லை. அன்று ராத்திரி ரசம் சாப்பிட்டேன். கொஞ்சம் எரிந்தது. இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டேன்.

கடைசித் தடவை போனபோது, வீட்டு பிரஷ்ஷையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அதன் முட்களைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தவர், ஒன்றும் பேசாமல் குப்பைக்கூடையில் போட்டார்.