மறுத்துப் பேசும் நண்பர்

பணி மாறுதலோ ஓய்வோ வந்ததும், தினமும் சேர்ந்து டீ குடித்த சகாவுடனான உறவு பொங்கல் வாழ்த்தோடு நின்றுவிடுகிறது. இது பெரிய இழப்பு. நம் வேலையின் உள்ளும் புறமும் அறிந்து, ‘இது சரியா வராதுப்பா’ என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் அவர்தான். சார்லஸ் டார்வினும் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கடிதத் தொடர்பை விடவில்லை. உயிரினங்கள் மாறக்கூடியவை என்ற தன் எண்ணத்தை 1844இல் ஹூக்கருக்குத்தான் மனம் திறந்து எழுதினார் டார்வின். விதைகள் கடல்நீரில் மிதந்துபோய் வேறு கரையில் முளைக்கும் என்பதை ஹூக்கர் லேசில் ஏற்கவில்லை. அதற்காக டார்வின் முறுக்கிக்கொள்ளவில்லை. விதைகளை உப்புநீரில் ஊறப்போட்டுப் பார்த்தார். 28 நாள் ஊறிய 87 வகைகளில் 64 முளைத்தன! சந்தேகப்பட்ட நண்பரை விலக்கியிருந்தால் நஷ்டம் டார்வினுக்குத்தான். ஆகவே, பழைய சகாவை அழைத்தால் நலம் விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். ‘இதுல உங்க அபிப்பிராயம் என்ன?’ என்று கேளுங்கள். அவர் மறுத்துப் பேசினால் குறுக்கிடாமல் முழுதாகக் கேளுங்கள். ஒருவரை மதிக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.