சோலார் பேனலும் வீட்டுக் காப்பீடும்

வரவுக்குள் செலவை அடக்கிக் குடும்பம் நடத்துவது ஒரு கலை. அக்கலையில் தேர்ந்த நம் அன்னையர் பலர் இந்நாளில் மின்கட்டணத்தைக் குறைக்க மாடியில் சோலார் பேனல் வைக்க எண்ணுகின்றனர். நல்ல எண்ணமே. ஆயினும், வணிகவியல் பயிலும் மாணவியராகிய நாங்கள் அத்துடன் இன்னொரு சிறு செலவையும் சேர்த்துக்கொள்ளுமாறு பெற்றோரை வேண்டுகிறோம். அதுவே வீட்டுக் காப்பீடு.

2024-இல் தொடங்கிய 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத மாடி சுமார் 100 சதுர அடி வேண்டும். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் கிடைக்கும். எல்லா வீட்டுக்கும் இது இலாபம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு ஒரு பகுதி மின்சாரம் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு விசிறியும் ஒரு டி.வி.யும் உள்ள வீட்டில் போட்ட முதல் திரும்ப நெடுங்காலமாகும். பாட்டரி இல்லாத பேனல், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும் என்பதையும் பலர் அறியார்.

மானியம் போக மீதித் தொகைக்குப் பெரும்பாலோர் கடன்தான் வாங்குகின்றனர். பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் இருக்கிறதே என்று அவர்கள் தைரியமாக இருக்கின்றனர். அந்த உத்தரவாதம் எதற்கு? பேனலின் உற்பத்தித்திறன் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறையாது என்பதற்கு. புயல் பிய்த்தெறிந்தால் தயாரித்தவர் பொறுப்பல்ல. 2011-இல் 'தானே' கடலூரையும், 2018-இல் 'கஜா' வேதாரண்யம் பகுதியையும் தாக்கியபோது எத்தனை கூரைகள் பறந்தன! கூரையே பறக்கும் காற்றில் பேனல் மட்டும் நிற்குமா? பேனல் போனாலும் கடன் தவணை நிற்காது.

2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் ஒரே மாதிரியான பாலிசியை வழங்கி வருகின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் இவற்றால் வரும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. சோலார் பேனலும் இதில் வீட்டுக் கட்டடத்தைச் சேர்ந்ததாகவே கருதப்படுகிறது. ஆனால் கட்டடத்தின் மதிப்போடு பேனலின் மதிப்பையும் நாம் கூட்டி எழுத வேண்டும். பழைய பாலிசி வைத்திருப்போர் பேனல் ஏறியதும் நிறுவனத்துக்குத் தெரிவித்து மதிப்பைத் திருத்திக்கொள்வது அவசியம். பொருத்தியவர் தந்த ரசீதையும் நாலு புகைப்படங்களையும் பத்திரப்படுத்துங்கள். திருட்டு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. புயல் போன்ற விபத்து நடந்து ஏழு நாட்களுக்குள் அதையொட்டி நிகழும் திருட்டுக்கே இப்பாலிசி பொறுப்பேற்கும். சாதாரண நாளில் களவு போனால் ஒன்றும் கிடைக்காது.

"பத்து வருஷம் கட்டியும் ஒன்றும் நடக்காவிட்டால் பணம் வீண்தானே?" என்று வீடுகளில் கேட்கிறார்கள். ஆயுள் காப்பீட்டில் முதிர்வுத் தொகை வாங்கிப் பழகியதால் வந்த கேள்வி இது. வீட்டுக் காப்பீடு சேமிப்பு அல்ல. வாசல் கதவுக்குப் பூட்டு வாங்குகிறோம். திருடன் வரவில்லையே, பூட்டு வாங்கிய காசு போயிற்றே என்று யாராவது வருந்துவதுண்டோ? பட்டுப்புடவைக்கு ஆகும் செலவோடு ஆண்டுப் பிரீமியத்தை ஒப்பிட்டுப் பார்க்கும்படி எங்கள் தாய்மாரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். (தந்தையரின் செலவுகளைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை!)

இந்தப் பாலிசியைப் பத்து ஆண்டு வரை சேர்த்தே எடுக்கலாம். மானியம் வங்கிக் கணக்குக்கு வந்த அன்றே அதில் ஒரு சிறு பங்கைப் பிரீமியத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டால், மாதாந்தர மளிகைப் பணத்தில் கைவைக்க நேராது.